தென்னாப்பிரிக்கா தன் அணுகுண்டுகளைக் கலைத்த விதம், 1989–1993: ஒரு நிகழ்வு ஆய்வு

1993 மார்ச் 24 அன்று கேப் டவுனில் கூடிய நாடாளுமன்றச் சிறப்புக் கூட்டத்தில், தம் நாடு ஆறு அணுகுண்டுகளைச் செய்து வைத்திருந்தது என்று அதிபர் எஃப். டபிள்யூ. டி கிளர்க் ஒப்புக்கொண்டார். அதே மூச்சில், அந்த ஆறும் இப்போது இல்லை என்றும் சொன்னார். சொந்தமாக அணுகுண்டு செய்து, யாரும் படையெடுத்து வந்து பிடுங்காமல், தானாகவே அதைக் கலைத்த நாடு இன்றுவரை தென்னாப்பிரிக்கா மட்டும்தான். உக்ரைன், கஜகஸ்தான், பெலாரஸ் ஆகியவை ஒப்படைத்தவை சோவியத் ஒன்றியம் விட்டுச்சென்ற ஆயுதங்கள். அவற்றின் கதை வேறு.

இந்த ஆய்வு இரண்டு கேள்விகளைப் பின்தொடர்கிறது. கூட்டாளிகளை இழந்த ஒரு நாடு குண்டிலிருந்து என்ன எதிர்பார்த்தது? இல்லாத குண்டை இல்லை என்று எப்படி நிரூபித்தது? தலைமைப் பொறுப்பில் இருந்தவர்களைத் தவிர வேறு யாருடைய பெயரும் இங்கே தேவைப்படவில்லை.

பின்னணி: கூட்டாளிகள் விலகிய காலம்

தென்னாப்பிரிக்காவின் அணுசக்தித் துறை மேற்கு நாடுகளின் கையைப் பிடித்துத்தான் நடக்கப் பழகியது. 1957இல் அமெரிக்காவுடன் அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டில் உருவான சர்வதேச அணுசக்தி முகமையின் ஆளுநர் குழுவில், ஆப்பிரிக்காவிலேயே அணுத்துறையில் முன்னேறிய நாடு என்ற தகுதியில் ஓர் இடமும் கிடைத்தது. நிர்வாகத் தலைநகரான பிரிட்டோரியாவுக்கு மேற்கே பெலிண்டாபாவில் 1965இல் இயங்கத் தொடங்கிய சஃபாரி-1 ஆய்வு உலை அமெரிக்கா தந்தது. அதற்கான எரிபொருளும் அங்கிருந்தே வந்தது. கடற்படைத் துறையில் 1955இன் சைமன்ஸ்டவுன் உடன்பாடு நாட்டை பிரிட்டனோடு பிணைத்திருந்தது. பின்னாளில் அணுகுண்டைச் சுமக்கத் தேர்ந்த பக்கனீர் விமானங்களும் அந்த உறவில் வாங்கியவைதான்.

நிறவெறி ஆட்சிக்கு எதிரான உலகக் கண்டனம் வலுக்க வலுக்க இந்தக் கட்டுகள் அவிழ்ந்தன. 1974 ஏப்ரலில் லிஸ்பனில் ராணுவப் புரட்சி நடந்தது. அடுத்த ஆண்டே அங்கோலாவும் மொசாம்பிக்கும் விடுதலை பெற்றன. போர்த்துகீசியக் குடியேற்றங்கள் வடக்கே அரணாக நின்ற இடத்தில் கியூபப் படைகள் வந்து இறங்கின. சைமன்ஸ்டவுன் உடன்பாடு 1975இல் முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு அங்கோலாவுக்குள் நுழைந்த தென்னாப்பிரிக்கப் படைக்கு வாஷிங்டனின் ஆதரவு இருந்தது. ஆனால் 1976இல் அமெரிக்க நாடாளுமன்றம் அங்கோலாவுக்கான ரகசிய உதவியைச் சட்டம் போட்டு நிறுத்திவிட்டது. களத்தில் தனியாக நின்ற அந்த அனுபவத்தை பிரிட்டோரியாவின் ராணுவத் தலைமை கடைசிவரை மறக்கவில்லை.

1977இல் அடிகள் வரிசையாக விழுந்தன. ஜூனில் முகமையின் ஆளுநர் குழு இடம் எகிப்துக்குப் போனது. ஆகஸ்டில், கலஹாரிப் பாலைவனத்தின் வாஸ்ட்ராப் என்ற இடத்தில் அணுச் சோதனைக்கென்றே தோண்டியிருந்த செங்குத்துக் குழிகளை சோவியத் செயற்கைக்கோள் கண்டுபிடித்தது. மாஸ்கோ வாஷிங்டனுக்குச் சொன்னது. இருவரும் சேர்ந்து கொடுத்த நெருக்கடியில் சோதனை கைவிடப்பட்டது. நவம்பர் 4 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 418ஆம் தீர்மானம் ஆயுதத் தடையைக் கட்டாயமாக்கியது. 1979 டிசம்பரில் புதுடெல்லியில் நடந்த முகமையின் பொது மாநாட்டில் தென்னாப்பிரிக்கக் குழுவின் நியமன ஆவணங்கள் ஏற்கப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டன.

உலைக்கான எரிபொருளையும் அமெரிக்கா நிறுத்தியது. அப்படி நிறுத்தினால் பிரிட்டோரியா பணியும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு. பெலிண்டாபாவுக்கு அருகிலேயே வலிண்டாபாவில் 'ஒய்' ஆலை ஏற்கெனவே எழுந்திருந்தது. யுரேனியம் ஹெக்ஸாபுளோரைடு வாயுவை ஹைட்ரஜனோடு கலந்து சுழல் குழாய்களில் பாய்ச்சி, பிளவுபடும் யுரேனியம்-235இன் பங்கைக் கூட்டும், அதாவது செறிவூட்டும், முறை. மின்சாரத்தைக் குடிக்கும் முறைதான், ஆனால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. 1978 ஜனவரியில் குண்டுக்கு மூலப்பொருளான உயர் செறிவு யுரேனியத்தின் முதல் சிறு அளவு அங்கே எடுக்கப்பட்டது.

குண்டு எதற்காக இருந்தது

1978இல், பாதுகாப்பு அமைச்சராக இருந்து அதே ஆண்டு பிரதமரான பி. டபிள்யூ. போத்தாவின் காலத்தில் வகுத்த மூன்று கட்ட உத்திதான் இந்த நிகழ்வின் திறவுகோல். முதல் கட்டத்தில் உண்டு என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. சோவியத் அல்லது கியூபப் படை நாட்டின் எல்லையை நெருங்கினால் இரண்டாம் கட்டம்: அமெரிக்கா முதலான சில மேற்கத்திய அரசுகளிடம் மட்டும் ரகசியமாக உண்மையைச் சொல்வது. அதற்கும் உதவி வராவிட்டால் பகிரங்கமாக அறிவிப்பது, அல்லது நிலத்தடியில் வெடித்துக் காட்டுவது. அது மூன்றாம் கட்டம்.

இந்த மூன்றிலும் எதிரியின் தலையில் குண்டைப் போடுவது என்ற படியே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பயமுறுத்த நினைத்தது மாஸ்கோவை அல்ல, வாஷிங்டனை. 'நீங்கள் வராவிட்டால் நாங்கள் இதை வெளியே எடுப்போம்' என்று சொல்லிப் பழைய கூட்டாளியைத் திரும்ப இழுத்துவருவதற்கான கருவியாகத்தான் குண்டு இருந்தது. குண்டின் மதிப்பு முழுவதும் ஓர் அனுமானத்தின் மேல் நின்றது: வடக்கிலிருந்து ஒரு பெரும்படை வரும், மேற்கு தயங்கும்.

1979இல் ஆயுத வேலை அணுசக்திக் கழகத்திடமிருந்து அரசின் ஆயுத நிறுவனமான ஆர்ம்ஸ்கோருக்கு மாறியது. பிரிட்டோரியாவுக்கு மேற்கே, வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணத் தொழிற்கூடம் போலத் தெரியும் 'சர்க்கிள்' கட்டடம் 1981இல் செயல்பாட்டுக்கு வந்தது. செய்தவை, ஒரு யுரேனியத் துண்டை இன்னொன்றின் மேல் குழல் வழியே சுட்டு வெடிக்கவைக்கும் துப்பாக்கி வகைக் குண்டுகள்: எளிமையானவை, சோதித்துப் பார்க்காமலே நம்பக்கூடியவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு டன் எடை, 1.8 மீட்டர் நீளம். முன்பாதி ஒரு பெட்டகத்தில், பின்பாதி வேறொரு பெட்டகத்தில். இரண்டையும் ஒரே நேரத்தில் வெளியே எடுக்க மேலிடத்தின் அனுமதி வேண்டும். 1985இல் போத்தா ஏழு குண்டுகள் என்று வரம்பு கட்டினார். ஆறு முடிந்தன, ஏழாவதன் பாகங்கள் தயாராகிக்கொண்டிருந்தன.

இஸ்ரேலுடனான ராணுவ உறவு இந்த ஆண்டுகளில் ஓரளவு துணையாக இருந்தது. 1987இல் புதிய ராணுவ ஒப்பந்தங்கள் இல்லை என்று இஸ்ரேலிய அமைச்சரவையும் முடிவெடுத்தது.

1988–89: காரணம் கரைந்தது

1988இல் அங்கோலாவில் இருந்த கியூபப் படையினர் எண்ணிக்கை ஏறத்தாழ 50,000. குண்டுக்கு ஒரு வேலை வருமென்றால் அப்போதுதான் வந்திருக்க வேண்டும். வாஸ்ட்ராப் குழிகளை மறுபடி திறந்து, தண்ணீரை இறைத்து, மேலே கொட்டகை போட்டு நிலையைப் பரிசோதித்ததும் அந்தச் சமயத்தையொட்டித்தான். ஆனால் போரை முடித்தது பேச்சுவார்த்தை. 1988 டிசம்பர் 22 அன்று நியூயார்க்கில் அங்கோலா, கியூபா, தென்னாப்பிரிக்கா மூன்றும் கையெழுத்திட்டன: கியூபப் படை வெளியேறும், தென்னாப்பிரிக்கா ஆண்டுவந்த நமீபியா விடுதலை பெறும். அடுத்த நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது. வடக்கிலிருந்து வரப்போவதாகச் சொன்ன படை, அதை அனுப்பக்கூடிய வல்லரசு, இரண்டுமே கணக்கிலிருந்து விலகின.

வெளியுறவு அமைச்சகம் இதற்கு முன்பே வேறு திசையில் யோசித்துவந்தது. முகமையிலிருந்து தென்னாப்பிரிக்காவை வெளியேற்றும் முயற்சி 1987 செப்டம்பரில் முற்றியபோது, அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தம் பற்றிப் பேசத் தயார் என்று போத்தா அறிவித்தார். அன்று அது காலம் கடத்தும் உத்தி. ஆனால் அந்த வாக்குறுதி கோப்பில் தங்கிவிட்டது.

1989 செப்டம்பரில் டி கிளர்க் அதிபரானார். 1980களின் தொடக்கத்தில் கனிம, எரிசக்தி அமைச்சராக இருந்தவர் என்பதால் குண்டுத் திட்டம் அவருக்குப் புதிதல்ல. பதவியேற்ற சில வாரங்களிலேயே மூத்த அதிகாரிகள், விஞ்ஞானிகள் கொண்ட குழுவிடம் கேட்டது, கலைக்கலாமா என்றல்ல. எப்படிக் கலைத்து ஒப்பந்தத்தில் சேர்வது என்று. இந்த வேறுபாடு முக்கியமானது. விவாதம் நோக்கத்தைப் பற்றி நடந்திருந்தால் ஆண்டுக்கணக்கில் இழுத்திருக்கும்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் வரிசையும்

1990 பிப்ரவரி 1 அன்று ஒய் ஆலை மூடப்பட்டது. மறுநாள் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் மீதான தடை நீங்கியது. பத்து நாளில் நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்தார். அதே மாதம் 26ஆம் தேதி குண்டுகளைக் கலைக்கும் எழுத்துபூர்வ உத்தரவில் டி கிளர்க் கையெழுத்திட்டார்.

உத்தரவின் உள்ளடக்கம் ஆறு வேலைகள்: ஆறு குண்டுகளையும் பிரிப்பது, உயர் செறிவு யுரேனியத்தை உருக்கி, வேறு வடிவில் வார்த்து, அணுசக்திக் கழகத்திடம் ஒப்படைப்பது, ஆர்ம்ஸ்கோர் கூடங்களில் படிந்த கதிரியக்க மாசை நீக்கி, உருக்கு உலை போன்ற மோசமாக மாசடைந்த கருவிகளைக் கழகத்துக்கு அனுப்புவது, அந்தக் கூடங்களை மரபு ஆயுத வேலைக்கும் வணிக வேலைக்கும் மாற்றுவது, யுரேனியம் அல்லாத பாகங்களையும் வடிவமைப்பு, தயாரிப்பு ஆவணங்களையும் அழிப்பது, கடைசியாக, ஒப்பந்தத்தில் சேர உகந்த காலத்தை அரசுக்குச் சொல்வது.

அறிவித்துவிட்டு, முகமையின் ஆய்வாளர்களைக் கூட்டிவந்து அவர்கள் கண் முன்னால் பிரித்திருக்கலாமே என்று இன்று தோன்றும். சட்டம் அதற்கு இடம் தரவில்லை. 1967 ஜனவரி 1க்கு முன் அணுவெடிப்பு நடத்திய நாடுகளைத்தான் அந்த ஒப்பந்தம் அணுவாயுத நாடு என ஏற்கிறது. மற்ற எவரும் ஆயுதமில்லாத நாடாகத்தான் உள்ளே வர முடியும். கையில் குண்டோடு கையெழுத்திட்டால் அதே கணத்தில் ஒப்பந்த மீறல். எனவே முதலில் கலைப்பு, பிறகு கையெழுத்து. அரசியல் காரணமும் இருந்தது: விடுதலை இயக்கங்களோடு பேச்சு தொடங்கும் நேரத்தில் வெள்ளை வலதுசாரிகள் கிளர்ந்தெழ இன்னொரு காரணம் தர அரசு விரும்பவில்லை.

கறுப்பின மக்களின் அரசு வருவதற்குள் குண்டை ஒழித்துவிட வேண்டும் என்ற எண்ணமே உண்மையான காரணம் என்ற குற்றச்சாட்டு பின்னர் எழுந்தது. 1990 பிப்ரவரியின் தேதிகளை வரிசையாகப் பார்ப்பவருக்கு அதை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் அது மட்டுமே காரணம் என்றால், 1988இன் உடன்பாட்டையும் 1987இன் வாக்குறுதியையும் மறந்துவிட வேண்டியிருக்கும். ஆப்பிரிக்க தேசிய காங்கிரசும் அணுவாயுதமற்ற ஆப்பிரிக்கா என்ற நிலைப்பாட்டில்தான் இருந்தது.

உலையும் எடைக் குறிப்பும்

பிரிப்பு வேலை 1990 ஜூலையில் தொடங்கியது. அரசுக்கோ ஆர்ம்ஸ்கோருக்கோ கட்டுப்படாத ஒருவரின் கண் வேண்டும் என்பதற்காக ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தணிக்கையாளராக அமர்த்தப்பட்டார். ஆயுதப் பாகங்களும் ஆவணங்களும் அழிக்கப்பட்டதை அவர் தொடர்ந்து கண்காணித்து நேரடியாக அதிபருக்கு அறிக்கை தந்தார். ஒரு பாகம் பெட்டகத்திலிருந்து வெளியே வருகிறது, எண் சரிபார்க்கப்படுகிறது, எடை போடப்படுகிறது, உலைக்குப் போகிறது, வார்த்த கட்டி மறுபடி எடை போடப்படுகிறது, கழகத்தின் ரசீதோடு ஒப்பிடப்படுகிறது. உருக்கும்போது கொஞ்சம் மூசையில் ஒட்டும், கொஞ்சம் கசடாகும். அந்தக் கசடும் எடையிட்டுக் கணக்கில் ஏறவில்லை என்றால், மூன்று ஆண்டு கழித்து வருகிற ஆய்வாளருக்கு அது 'காணாமல் போன யுரேனியம்'.

1991 ஜூலை 10 அன்று தென்னாப்பிரிக்கா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதற்கு இரு மாதம் முன்பு தான்சானியாவும் ஜாம்பியாவும் சேர்ந்திருந்தன. நாங்கள் மட்டும் தனியாக ஏன் என்ற பழைய சாக்கு அதோடு போயிற்று. அமெரிக்கா தன் பொருளாதாரத் தடைகளை நீக்கியதும் அதே ஜூலை 10 அன்றுதான். அந்தத் தடை நீக்கம் அரசியல் கைதிகள் விடுதலை முதலான நிபந்தனைகளோடு கட்டப்பட்டிருந்தது, குண்டோடு அல்ல. ஆனாலும் திரும்பிச் செல்லும் வழி எந்தப் பக்கம் திறக்கிறது என்பது பிரிட்டோரியாவில் எல்லோருக்கும் தெரிந்தது.

உருக்கிய யுரேனியத்தின் கடைசிப் பங்கு செப்டம்பர் முதல் வாரத்தில் இரவோடு இரவாகப் பெலிண்டாபாவுக்குப் போய்ச் சேர்ந்தது. செப்டம்பர் 16 அன்று முகமையோடு முழுக் கண்காணிப்பு உடன்பாடு. அக்டோபர் 30 அன்று நாட்டிலுள்ள அணுப்பொருட்களின் தொடக்கக் கணக்கு முகமையின் கைக்கு வந்தது.

சேர்ந்த பிறகும் நீடித்த மௌனம்

இங்கேதான் இந்த நிகழ்வின் பலவீனமான பகுதி வருகிறது. கண்காணிப்பு உடன்பாடு இன்று கையில் உள்ள பொருளைச் சொல்லச் சொல்கிறது. நேற்று அதை வைத்து என்ன செய்தாய் என்று கேட்பதில்லை. எனவே குண்டுகள் பற்றிச் சொல்லாமல் இருந்தது சட்டப்படி தவறில்லை. ஆனால் ஆயுதத்தரத்தில் இத்தனை யுரேனியம் இருக்கிறது என்று ஒரு நாடு கணக்குக் கொடுத்தால், அது எதற்காகச் செய்தது என்ற கேள்வி தானாக எழும். 1992இல் முகமை தந்த அறிக்கை, தொடக்கக் கணக்கு முழுமையற்றது எனக் காட்டும் சான்று எதுவும் இல்லை என்றது. கூடவே, பல ஆண்டுகள் கண்காணிப்பே இல்லாமல் ஓடிய ஆலைகளின் கணக்கைச் சரிபார்ப்பதில் உள்ள கஷ்டத்தையும் குறித்தது. வதந்திகள் பெருகின. ஆறுக்கும் மேல் இருக்குமோ, எங்காவது புதைத்திருப்பார்களோ என்ற பேச்சு நிற்கவில்லை.

1993 மார்ச் அறிவிப்பையொட்டி வடிவமைப்பு ஆவணங்களும் வரைபடங்களும் அழிக்கப்பட்டன. நியாயம் இருந்தது: குண்டு செய்யும் அறிவு வேறு யார் கைக்கும் போகக் கூடாது. ஆனால் அறிவிப்பு வெளியானபோது, சரிபார்க்க வந்தவர்களுக்குப் பார்க்கக் கிடைத்தது மிச்சம் மீதிதான்.

சரிபார்ப்பு எப்படி நடந்தது

அறிவிப்புக்குப் பின் முகமை தன் குழுவில் அணுவாயுத நிபுணர்களையும் சேர்த்து அனுப்பியது. எங்கே வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அரசு கதவைத் திறந்தது. உடன்பாட்டின் வரிகளைத் தாண்டிய இந்த இசைவுதான் மௌன ஆண்டுகளின் சேதத்தைச் சரிக்கட்டியது.

கடினமான வேலை குண்டுகளைத் தேடுவதில் இல்லை, ஒய் ஆலையின் கணக்கில் இருந்தது. இயற்கை யுரேனியத்தில் யுரேனியம்-235 ஏறத்தாழ 0.71 சதவீதம். உள்ளே போன யுரேனியம்-235, வெளியே வந்த செறிவூட்டிய பொருளிலும் எஞ்சிய கழிவு யுரேனியத்திலும் சேர்த்து அதே அளவு இருக்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் 100 டன் கழிவு யுரேனியத்தில் 235இன் பங்கை 0.05 சதவீதப் புள்ளி தவறாக அளந்தால் பிழை 50 கிலோ. இந்த வகைக் குண்டு ஒன்றுக்குத் தேவைப்படும் அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆலை ஒரே சீராக ஓடவும் இல்லை. 1979 ஆகஸ்டில் உள்ளே ஓடிக்கொண்டிருந்த வாயுக்கலவை வேதிவினைக்குள்ளாகி, உற்பத்தி நெடுநாள் நின்றுபோனது. அப்படிப்பட்ட காலத்துப் பீப்பாய்களில் செறிவு ஒன்றுக்கொன்று மாறுபடும்.

முதலில் கணக்கு இடித்தது. காப்பாற்றியவை கழகத்திடம் இருந்த பழைய இயக்கப் பதிவேடுகள்: எந்த நாள் எவ்வளவு உள்ளே போனது, எந்தப் பகுதி நின்றது, என்ன வெளியே எடுக்கப்பட்டது என்ற குறிப்புகள். ஆர்ம்ஸ்கோரின் வடிவமைப்புத் தாள்கள் போய்விட்டாலும் இவை போகவில்லை. ஆலையில் வேலை செய்தவர்களும் உடன் உட்கார்ந்து விளக்கினார்கள். ஆலை உற்பத்தி செய்திருக்கக்கூடிய அளவும் அரசு காட்டிய அளவும் பொருந்துகின்றன என்று முகமை முடிவுக்கு வந்தது. வாஸ்ட்ராப் குழிகள் 1993இல் முகமையின் பார்வையில் பயனற்றவையாக்கப்பட்டன.

பின்விளைவு

அணுவாயுதத்தைக் கைவிட்டதற்காக எந்த வல்லரசிடமிருந்தும் பாதுகாப்பு உத்தரவாதம் கேட்டு வாங்கவில்லை என்பது இந்த நிகழ்வை உக்ரைனிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது. தென்னாப்பிரிக்காவுக்குக் கிடைத்தது பாதுகாப்புக் குடை அல்ல, இருக்கை. 1995இல் அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தைக் காலவரையறையின்றி நீட்டிக்கும் மாநாட்டில், அணுவாயுத நாடுகளுக்கும் அணிசேரா நாடுகளுக்கும் நடுவில் பாலம் கட்டியது மண்டேலாவின் அரசு. ஆப்பிரிக்காவை அணுவாயுதமற்ற மண்டலமாக்கும் ஒப்பந்தம் 1996 ஏப்ரலில் கெய்ரோவில் கையெழுத்தாகி 2009இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பெயர் பெலிண்டாபா ஒப்பந்தம். 'பேச்சு முடிந்தது' என்ற பொருள் தரும் ஜூலுச் சொற்களிலிருந்து வந்த பெயர். 2003 பிப்ரவரியில், எப்படி வெளிப்படையாகக் கலைத்துக் காட்டுவது என்று ஈராக்குக்கு ஆலோசனை சொல்ல ஒரு தென்னாப்பிரிக்க நிபுணர் குழு பாக்தாத் சென்றது.

ஆட்கள் விஷயத்தில் முடிவு அத்தனை சுத்தமாக இல்லை. வேலையிழந்த முன்னாள் ஊழியர்கள் சிலர் 1994இல் பணம் தராவிட்டால் ரகசியங்களை வெளியிடுவோம் என்றார்கள். அரசு நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. 2004 செப்டம்பரில் ஒரு தனியார் தொழிற்கூடத்தில் லிபியாவுக்காகச் செய்த செறிவூட்டல் கருவிகள் 11 கொள்கலன்களில் சிக்கின. நாட்டில் தேங்கியிருந்த தொழில்நுட்பத் திறனுக்கு வெளியே வாங்க ஆள் இருந்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதலில் ஆவணங்கள். வடிவமைப்புத் தாள் வேறு, உற்பத்திக் கணக்கு வேறு. முன்னதை அழிக்கலாம், அழிக்கத்தான் வேண்டும். ஆனால் அழிப்பதற்கு முன் எந்தத் தாள், எத்தனை பக்கம், எந்தக் குண்டைச் சேர்ந்தது என்ற பட்டியலை முகமையின் முத்திரைக்குள் வைத்திருந்தால் ஏழாவது குண்டு பற்றிய வதந்திகளில் பாதி பிறந்தே இருக்காது. உற்பத்திக் கணக்கை ஒரு தாள்கூட விடாமல் காக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் அவை தப்பித்தது இரண்டு நிறுவனங்களின் கோப்புகள் தனித்தனியாக இருந்ததால், திட்டமிட்டு அல்ல.

அடுத்து அந்த 20 மாத மௌனம். 1991 ஜூலைக்கும் 1993 மார்ச்சுக்கும் இடையில், குறைந்தபட்சம் முகமையின் தலைமையிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒப்பந்தத்தில் சேர்ந்த மறுநாளே அதற்கான சட்டத் தடை நீங்கிவிட்டது.

ஊழியர்களின் ஓய்வூதியமும் மறுவேலையும் 1990 பிப்ரவரி உத்தரவிலேயே ஏழாவது வேலையாக இருந்திருக்க வேண்டும். கூடத்தை வணிக வேலைக்கு மாற்றுவது பற்றி யோசித்த அளவுக்கு அங்கே வேலை பார்த்தவரைப் பற்றி யோசிக்கவில்லை.

மிஞ்சியிருப்பது யுரேனியம். குண்டு உருகியது, உலோகம் உருகிக் காணாமல் போகவில்லை. அது பெலிண்டாபாவில் முகமையின் கண்காணிப்பில் சேமிக்கப்பட்டது. அதில் ஒரு பகுதி சஃபாரி-1இல் எரிபொருளாகவும், மருத்துவமனைகளுக்கான மாலிப்டினம்-99 தயாரிப்பிலும் செலவானது. சஃபாரி-1 2009இல் குறைந்த செறிவு எரிபொருளுக்கு மாறிவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2007 நவம்பரில், ஆயுதம் தாங்கிய இரு குழுக்கள் ஒரே இரவில் பெலிண்டாபா வளாகத்துக்குள் நுழைந்தன. அவசரக் கட்டுப்பாட்டு மையத்தில் இருந்த ஒருவர் சுடப்பட்டார், வந்தவர்கள் தப்பிப் போனார்கள். எஞ்சிய இருப்பைக் குறைந்த செறிவாக்கி முடித்துவிடும்படி அமெரிக்கா கேட்டது. அணுவாயுத நாடுகள் தம் கையிருப்பைத் தொடாதபோது நாங்கள் மட்டும் ஏன் என்பது பிரிட்டோரியாவின் பதில்.